லேசான ஸ்டியரிங்

பழைய துண்டில் சுற்றி, கைக்குழந்தையை அணைப்பதுபோல் இடது கையில் அணைத்தபடி கணவர் அதைப் பட்டறைக்குள் கொண்டுவந்தபோது, அவள் ஒரு வேனின் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். வாயில் டார்ச். முகத்துக்கு மேலே இரண்டு கைப்பிடி ஒயர் தொங்கியது. அங்கிருந்து பார்த்தால் அவருடைய செருப்பும் துண்டின் ஓரமும் மட்டும்தான் தெரிந்தன. செருப்பு நகராமல் நின்ற விதத்திலேயே அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னன்னு கேக்க மாட்டியா?"

"ம்."

"கரண்டு பம்ப்பு. சொல்லிட்டே இருந்தேன்ல, ஸ்டியரிங்குக்கு. பழைய வண்டி உடைக்கிறவர் காலையில போன் பண்ணினாரு. யாரோ குடும்பஸ்தன் வண்டியில இருந்து கழட்டினதாம். பேட்டரி வெச்சு ஓட்டிக் காமிச்சாரு, சத்தமே இல்ல."

வாயில் டார்ச் இருப்பவளிடம் யாரும் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள். இந்தத் தொழிலில் அவளுக்குப் பிடித்த சில சௌகரியங்களில் இதுவும் ஒன்று.

பட்டறை மூன்று பேருடையது. இஞ்சின், கியர், சக்கரம் எல்லாம் கணவரும் கொழுந்தனும். ஒயர் என்று வந்துவிட்டால் அவள். கல்யாணமான புதிதில் கணக்கு வழக்கு பார்க்கத்தான் வந்து உட்கார்ந்தாள். வெளியிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் ஒரே வண்டியின் ஹாரனை நான்கு முறை சரிசெய்து, நான்கு முறையும் ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடுகிற மாதிரி விட்டுப் போனதைப் பார்த்த எரிச்சலில், ஐந்தாவது முறை அவளே திருப்புளியை எடுத்தாள். இருபத்திரண்டு வருஷமாகக் கீழே வைக்கவில்லை. வாடிக்கையாளர்களுக்கு அவள் 'கரண்டு அக்கா'. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

பட்டறையின் பின்மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் அந்தக் கார் நின்றது. இரண்டே கதவு. தரையோடு தரையாக இருக்கும். உள்ளே போய் உட்காருவதற்குள் இடுப்பு ஒருமுறை பேசிவிடும். முன்பக்கம் நசுங்கிப்போன நிலையில் அதை வாங்கிவந்து பத்தொன்பது வருஷமாகக் கணவர் செதுக்கிக்கொண்டிருக்கிறார். ஊருக்கு வெளியே, விமானம் இறங்குவது எப்போதோ நின்றுபோன ஓடுபாதை ஒன்று இருக்கிறது. டயர்களை அடுக்கி வளைவுகள் வைத்து, வருஷத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஓட்டுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டி, கையில் கடிகாரம், அவ்வளவுதான். அவர் ஒருமுறைகூட முதலாவதாக வந்ததில்லை. மூன்று முறை இரண்டாவது. அந்த மூன்றையும் கேட்டால் இன்றைக்கும் வளைவு வளைவாகச் சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

அந்தக் காரின் ஸ்டியரிங் பம்ப்பை இஞ்சின்தான் ஒரு பெல்ட் போட்டுச் சுற்றியது. ஊருக்குள் ஓட்டுகிறவனுக்கு அதில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் இஞ்சினை உச்சத்துக்கு விரட்டும்போது பம்ப்பும் பேய்பிடித்ததுபோல் சுற்றும். உள்ளே ஆயில் கொதித்து நுரைக்கும். பெல்ட் எப்போது அறும் என்று தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நீண்ட வளைவின் நடுவில் அறுந்தது. ஸ்டியரிங் பாறையாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் புல்லுக்குள் போயிருப்பார்கள். அவர் இரண்டு கையாலும் பிடித்த பிடியை விடாமல் திருப்பி, மிச்ச தூரத்தையும் அப்படியே ஓட்டி முடித்தார். அன்றிலிருந்து அங்கே அவருக்குப் பெயர் 'விடாப்பிடி'. அது வண்டிக்குச் சொன்னதா குணத்துக்குச் சொன்னதா என்று அவள் கேட்டதில்லை. இரண்டுக்கும் பொருந்தியது.

அதற்கு அடுத்த வருஷம் அவருடைய வலது கை விரல்களிலிருந்து ஸ்குரூ விழ ஆரம்பித்தது. முதலில் ஸ்குரூவைத் திட்டினார். பிறகு எண்ணெய்ப் பிசுக்கை. பிறகு டம்ளர் விழுந்தது, சாவி விழுந்தது. கழுத்தெலும்பு நகர்ந்து நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர், "வலி போயிடும். கையில உணர்ச்சி திரும்பி வரலாம், வராமலும் போகலாம். ஒரு வருஷம் பாருங்க" என்றார். வலி போய்விட்டது. பத்து மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணால் பார்த்துக்கொண்டே பிடித்தால் அந்தக் கை எதையும் பிடிக்கும். பார்வையை எடுத்துவிட்டால், தான் பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதே அந்தக் கைக்குத் தெரியாது. காலையில் சட்டைப் பொத்தான்களை அவள்தான் போட்டுவிட்டாள். அப்போது இருவரும் வேறு ஏதாவது பேசுவார்கள், மழை வருமா வராதா என்பதுபோல. பிறகு அவள் வீட்டைப் பூட்டி, பட்டறையைத் திறந்து, தன் வேலையோடு அவர் பாதியில் விடும் வேலைகளையும் கொழுந்தனுக்குத் தெரியாமல் முடித்துவைத்து, மாலையில் திரும்பவும் வீட்டைத் திறப்பாள். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு காரணம் தேடவேண்டியிருந்தது. தூரத்து ஊரில் இருக்கும் மகள் போனில், "அப்பாவ மறுபடி அந்தக் காரை எடுக்க விட்டுறாதம்மா" என்பாள். விடுவது, விடாதது இரண்டும் தன் கையில் இருப்பதாக மற்றவர்கள் ஏன் நினைக்கிறார்கள் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

இப்போது பம்ப் வந்துவிட்டது.

"இது வேகத்துக்கு இல்ல, பாதுகாப்புக்கு" என்றார் கணவர், அவள் வேனிலிருந்து வெளியே வந்ததும். துண்டைப் பிரித்து மேஜைமேல் வைத்திருந்தார். தேங்காய் அளவில் ஒரு மோட்டார். அதன் தலையில் ஆயில் ஊற்றும் பிளாஸ்டிக் குப்பி. பக்கத்தில் ஒயர் சொருகும் வாய். "பெல்ட்டே கிடையாது. அறுந்துபோக ஒண்ணுமில்ல. பிராக்கெட்டு, ஹோஸு எல்லாம் தம்பி பாத்துக்குவான். ஒயரிங் மட்டும் நீ பண்ணிக்குடு."

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"இந்த வேனு போகட்டும்."

வேன் போனது. அதன்பின் ஒரு ஆம்புலன்ஸின் சைரன் வந்தது, பள்ளிக்கூட பஸ்ஸின் விளக்குகள் வந்தன. அவள் சாக்குப்போக்கு சொல்லத் தெரியாதவள். அதனால் நிஜமான வேலைகளையே இழுத்துப் போட்டுக்கொண்டாள். கொழுந்தன் பழைய பம்ப்பைக் கழற்றி எறிந்தான். கருகிய ஆயில் நாற்றம் இரண்டு நாள் பட்டறையை விட்டுப் போகவில்லை. முன்பம்பருக்குப் பின்னால், சூடு எட்டாத இடமாகப் பார்த்துப் புதியதை உட்காரவைத்தான். அழுத்தத்துக்கு ஒன்று, திரும்பி வருவதற்கு ஒன்று என்று இரண்டு ஹோஸ் போட்டான். மூன்றாவது வாரம் எல்லாம் முடிந்து, சொருக ஆளில்லாமல் ஒயர் வாய் மட்டும் திறந்து கிடந்தது. கணவர் தினமும் பானட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

"அண்ணி" என்றான் கொழுந்தன் ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே. "நீங்க பண்ணலைன்னா அண்ணன் வெளிய யாரையாவது கூட்டிட்டு வந்துருவாரு. நேத்து ஒருத்தன் நம்பர் கேட்டாரு."

"யாரு நம்பர்?"

"அதான், ஹாரன் அடிச்சா வைப்பர் ஆடுமே, அவரு பையன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே மனது ஒயர் கணக்கைப் போட்டது. அந்த மோட்டார் முழு வேகத்தில் இழுக்கிற கரண்டுக்குச் சுண்டுவிரல் பருமனில் செம்பு ஒயர் வேண்டும். மெல்லிய ஒயரைப் போட்டு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டால் பத்தாவது நிமிஷம் அடுப்புக் கம்பியாகிவிடும்.

"நீ என்ன நினைக்கிற தம்பி? ஓட்டலாமா அவரு?"

கொழுந்தன் டப்பாவைக் கவிழ்த்து வைத்தான். "நான் என்னத்தைச் சொல்ல அண்ணி. ஓட்ட வேணாம்னு சொன்னா மனுஷன் ஒடிஞ்சு போயிருவாரு. ஓட்டுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

சனிக்கிழமை காலை அவள் பானட்டுக்குள் குனிந்தாள். பேட்டரியிலிருந்து தடித்த சிவப்பு ஒயர், நடுவில் எண்பது ஆம்பியர் ஃபியூஸ், சாவியைத் திருப்பினால் பம்ப்பை எழுப்புகிற மெல்லிய ஒயர் ஒன்று. எல்லாவற்றையும் சட்டத்தோடு சேர்த்து, எங்கும் உரசாமல், சூடான குழாயிலிருந்து நான்கு விரல் தள்ளிக் கட்டிக்கொண்டே வந்தாள். குனிந்த முதுகு பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிமிரச் சொன்னது. கடைசியில் மிஞ்சியது கறுப்பு ஒயர், எர்த். வண்டியின் உடம்பில் பெயிண்ட்டைச் சுரண்டி, செம்பு வளையத்தை வைத்து, போல்ட்டால் இறுக்க வேண்டும்.

போல்ட்டில் ஸ்பேனரை வைத்தபடி அவள் கொஞ்ச நேரம் நின்றாள். இங்கே பெயிண்ட்டைச் சரியாகச் சுரண்டாமல் விட்டாலே போதும். பம்ப் ஓடாது. அல்லது இன்றைக்கு ஓடும், நாளைக்கு ஓடாது. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான், அவளைத்தான் கூப்பிடுவார்கள். மாதக்கணக்கில் தேடுகிற மாதிரி தேடலாம். பம்ப் கெட்டுப்போன பம்ப் என்று சொல்லிவிடலாம். அவர் நம்புவார், ஒயர் விஷயத்தில் அவள் சொன்னதை அவர் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. அந்த நம்பிக்கையை நினைத்தபோதுதான் அவளுக்கு எரிச்சலாக வந்தது. அதோடு, அரைகுறை எர்த் வளைவின் நடுவில் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதும் கண்முன்னால் வந்தது. உப்புத்தாளை எடுத்து, வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்த்தாள். வளையத்தை வைத்து இறுக்கினாள். ஒயரைப் பிடித்து, ஒரு காலை பம்பரில் ஊன்றி, இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"போடுங்க சாவிய" என்றாள்.

இஞ்சின் இன்னும் எழவில்லை. சாவியின் முதல் திருப்பிலேயே பம்ப் எழுந்துகொண்டது. தூரத்தில் யாரோ வாயை மூடிக்கொண்டு பாட்டு முனகுவது போல ஒரு சத்தம். கணவர் ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைத் தொட்டார். இஞ்சின் ஓடாதபோது பத்தொன்பது வருஷமாகத் தோளால் திருப்பியது, விரலுக்குத் திரும்பியது. முன்சக்கரங்கள் சிமெண்ட் தரையில் கரகரவென்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தன. அவர் தலையை வெளியே நீட்டி, "இஞ்சினே ஓடல பாத்தியா! இஞ்சினே ஓடல!" என்று கத்தினார். கொழுந்தன் கைதட்டினான். அவள் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனை மாதமாகிவிட்டது என்று எண்ண ஆரம்பித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை கிடங்குகளுக்குப் பின்னால் போகும் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே லாரி வராது. முதலில் கணவர் தனியாகப் போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து, கதவைத் திறக்காமலேயே, "ரொம்ப லேசா இருக்கு. ஒண்ணுமே தெரியல. காத்துல ஓட்டுற மாதிரி இருக்கு" என்றார்.

அது அவள் எதிர்பார்த்ததுதான். வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பம்ப்புக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் அது எப்போதும் முழு உதவியும் செய்துகொண்டிருந்தது. வேகமானியிலிருந்து ஒரு ஒயரை எடுத்து அதற்குக் கொடுத்தால், வேகம் கூடக்கூடத் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும், ஸ்டியரிங் கனக்கும். அங்கேயே சாலையோரத்தில் மண்டியிட்டு அரைமணி நேரத்தில் அதையும் கொடுத்தாள். இந்த முறை கொழுந்தன் எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தவன் இறங்கும்போதே சொன்னான்: "அருமை அண்ணே. ரோட்டுல சின்னக் கல்லு கிடந்தாகூடக் கையில சொல்லுது."

கணவர் தலையை ஆட்டினார். கொழுந்தனுடைய கைகளைப் பார்த்தார். பிறகு அவளிடம், "நீயும் ஏறு" என்றார்.

முதல் வளைவு நன்றாகவே போனது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது. "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "ம்" என்றார். அடுத்தது நேர்ச்சாலை, வண்டி உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. தகரக் கிடங்குகள் இருபக்கமும் ஒரே சுவராகிப் பின்னால் ஓடின. அது முடிகிற இடத்தில் சாலை இடதுபக்கம் திரும்பியது. அவர் பிரேக்கை மிதித்து, கியரைக் குறைக்க இடது கையை எடுத்தார். இந்த வண்டியில் அந்த ஒரு நொடி எப்போதும் வலது கை மட்டும்தான் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்.

அவள் பார்த்தாள். வலது கை அவர் தொடைமேல் கிடந்தது. விரல்கள் வளைந்து, எதையோ இறுக்கிப் பிடித்திருக்கிற பாவனையில். கண் சாலையில் இருந்தது. முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. திருப்பிக்கொண்டிருக்கிறோம் என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கில் யாருடைய கையும் இல்லை.

என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் அவளுடைய வலது கை நீண்டு ஸ்டியரிங்கின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. பெல்ட் அறுந்த அன்றைய ஸ்டியரிங்காக இருந்திருந்தால், பக்கத்து சீட்டிலிருந்து, அந்தக் கோணல் பிடியில், ஒற்றைக் கையால் அசைத்திருக்கக்கூட முடியாது. இது வந்தது. வண்டி உடம்பை ஒருமுறை குலுக்கிக்கொண்டு இடப்பக்கம் திரும்பியது. வலதுபக்கக் கிடங்கின் சுவர் கண்ணாடிக்கு மிக அருகில் வந்து, விலகிப் போனது. அவர் குனிந்து அவளுடைய கையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

கொஞ்ச தூரம் போய் நிறுத்தினார். இஞ்சின் அணைந்தது. சாவி முதல் திருப்பிலேயே இருந்ததால் பம்ப் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு கிடங்குக் காவல்காரர் வெளியே வந்து, வண்டியைப் பார்த்து ரசித்துவிட்டு உள்ளே போனார்.

"எப்ப விழுந்துச்சு?" என்றார்.

"தெரியல. நான் பாக்கறப்ப மடியில இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொல்ல நேரமில்லங்க."

அவர் இடது கையால் வலது கையைத் தூக்கி, ஒரு பொருளை அதன் இடத்தில் வைப்பதுபோல, ஸ்டியரிங்மேல் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "பிடிச்சிருக்குன்னு பாத்தா தெரியுது" என்றார். "இப்ப கண்ண மூடினா…" கண்ணை மூடினார். அவளுக்குக் கோபப்பட வேண்டும்போல இருந்தது. இந்த நிமிஷத்துக்குப் பயந்துதானே மூன்று வாரம் இழுத்தடித்தாள், இப்போது சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. தேடிப் பார்த்தால் கோபம் எங்கேயும் கிடைக்கவில்லை. முழங்கால் வலித்தது. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"நகருங்க. நான் ஓட்டுறேன்" என்றாள்.

பத்தொன்பது வருஷத்தில் அவள் அந்த சீட்டில் உட்கார்ந்து ஒயர் மாட்டியிருக்கிறாள், ஓட்டியதில்லை. இரண்டாவது கியருக்கு மேல் போகாமல், மாட்டு வண்டி வேகத்தில் வந்து சேர்ந்தார்கள். காத்திருந்த கொழுந்தன் அண்ணி ஓட்டி வருவதைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக, "என்ன அண்ணே, சீட்ட விட்டுக் குடுத்துட்டீங்க!" என்றான். கணவர் இறங்கி, "ஒயரிங் பிரமாதம்டா. அவளே ஓட்டிப் பாக்கட்டும்னுதான்" என்றார். அவள் சாவியைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் எங்கே என்று கேட்டாள். நடந்ததை அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒன்றை மறைத்து எத்தனையோ வருஷமாகிறது.

அந்த வாரம் ஓடுபாதைக்காரர்களிடமிருந்து போன் வந்தது. அடுத்த மாதம் ஓட்டம், பெயர் கொடுத்தாயிற்றா என்று கேட்டார்கள். கணவர் பேசுவதை அவள் ரிலே பெட்டிக்கு மேல் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "பம்ப்பு மாத்தியிருக்கேன். இன்னும் செட் ஆகல. ஆகட்டும், சொல்றேன்" என்றார். பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. மகள் கூப்பிட்டபோது, "அப்பா எப்படிம்மா இருக்காரு?" என்பதற்கு அவளும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாள். காலையில் பொத்தான் போடும்போது மட்டும் ஒரு மாற்றம். அவர் மழையைப் பற்றிப் பேசவில்லை. அவளுடைய விரல்கள் பொத்தானைத் துளைக்குள் தள்ளுவதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மதியம். கொழுந்தன் ஏதோ சாமான் வாங்கப் போயிருந்தான். சாப்பிட்டுவிட்டுப் பின்னறையில் ஐந்து நிமிஷம் கண்ணை மூடியவளை அந்த முனகல் சத்தம் எழுப்பியது. அதனூடே சிமெண்ட் தரையில் ரப்பர் அரைபடும் ஓசை. நின்றது. மறுபடி.

அவள் கதவருகில் வந்து பார்த்தாள். பானட் திறந்திருந்தது. இஞ்சின் ஓடவில்லை. அவர் ஓட்டுநர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார், அது உதவிக்கு வந்துவிடக் கூடாது என்பதுபோல. வலது கை மட்டும் ஸ்டியரிங்கில். அதையே பார்த்துக்கொண்டு மெல்லத் திருப்பினார். சக்கரம் போனது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார். கால்வாசி தூரம் போனதும் கை வழுக்கிக் கீழே விழுந்தது. மூடிய கண்ணோடு இன்னும் கொஞ்ச நேரம் தோள் மட்டும் திருப்பிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தார், பார்த்தார், கையை எடுத்து மறுபடி மேலே வைத்தார். முன்சக்கரங்களுக்கு அடியில் தரையில் கரியால் தீட்டியதுபோல் இரண்டு கறுப்பு வில்கள் விழுந்திருந்தன. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

இஞ்சின் ஓடாமல் அந்த பம்ப் இழுக்கிற இழுப்புக்கு அந்தச் சின்ன பேட்டரி இருபது நிமிஷம் தாங்காது. முனகல் இப்போதே கொஞ்சம் தாழ்ந்து, கம்மியிருந்தது. சொல்லலாமா என்று நினைத்தாள். பிறகு சுவரோரத்தில் இருந்த சார்ஜரை அதன் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு வந்தாள். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. அவருக்குக் கேட்டிருக்கும், ஆனால் அவர் திரும்பவில்லை. சிவப்புக் கவ்வியைச் சிவப்பில் மாட்டினாள், கறுப்பை எர்த் போல்ட்டில். சுவிட்சைப் போட்டாள்.

முனகல் மெதுவாகத் தேறி, பழைய சுருதிக்கு வந்தது. அவள் பம்பரின் ஓரத்தில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் சக்கரம் இடப்பக்கம் திரும்பியது, நின்றது, கொஞ்சம் தாமதித்து, வலப்பக்கம் வந்தது.